புதுவைத் தொழிற்களங்களும் திருநாள் உரிமையும்

முன்னுரை

புதுவை நகரின் வடமேற்கே, திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த செம்மண் மேட்டுப் பகுதி கோரிமேடு எனப்படும். ஈண்டுப் புதுவை எல்லை முடிந்து தமிழக எல்லை தொடங்குகின்றது. எல்லைக்கு அப்பால் உள்ள அலுவலகம் தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலைக் கொள்ளும். இப்பால் உள்ள அலுவலகம் புதுவை அரசின் பட்டியலைக் கொள்ளும். இவ்விரண்டிற்கும் அருகே, நடுவண் அரசின் பட்டியலைப் பின்பற்றும் சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மக்கள் இதனைச் சிப்மர் என வழங்குவர். ஆக, ஒரு நாழிகை நடக்கும் தொலைவினுள் மூவகை நாட்காட்டிகள் ஆட்சி செலுத்துகின்றன. ஒரே தெருவிற் குடியிருக்கும் மூவர் ஒரே திருநாளில் ஒருவர் வீட்டிலும், ஒருவர் அலுவலகத்திலும், ஒருவர் மருத்துவமனைக் கூடத்திலும் இருத்தல் இங்கு இயல்பே.

தொழில் செய்யும் இடத்தில் பல சமயத்தாரும் பல மொழியினரும் தத்தம் மரபுநாட்களைப் போற்றுதலை இந்நாளில் நிறுவனங்கள் தம் பெருந்தன்மைக்குச் சான்றாக எடுத்துரைக்கின்றன. கோலமிட்டுப் பொங்கற் பானை வைத்தலும், மலர்க்களம் அமைத்து ஓணம் கொண்டாடலும், கிறித்து பிறப்புக்குக் குடில் அமைத்தலும் அலுவலகங்களிற் பரவியுள்ளன. இவை வரவேற்கத்தக்கன. எனினும், இவை தலைவர் தந்த கொடையா, தொழிலாளர் பெற்ற உரிமையா என்னும் வினா ஆராயத்தக்கது. புதுவையின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது. அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பழமையும்

கோரி என்னும் சொல் இசுலாமியரின் கல்லறைக் கட்டடத்தைக் குறிப்பது. கல்லறை எனப் பொருள்படும் கோர் என்னும் பாரசீகச் சொல்லோடு அது தொடர்புடையது. சேலத்திலும் ஒரு கோரிமேடு உண்டு. அச்சொற்பொருளை நோக்க, பாரசீகச் சொல் ஒன்று மேடு என்னும் தமிழ்ச் சொல்லோடு கூடி ஊர்ப்பெயராயிற்று எனக் கருத இடமுண்டு. பிரெஞ்சியர் ஆண்ட நகரின் புறத்தே, பாரசீகமும் தமிழும் தழுவிய பெயருடைய ஓர் ஊர் விளங்குதல் புதுவையின் இயல்புக்குப் பொருத்தமானதே.

பல்வேறு மொழியினர் ஒருங்கு தொழில் செய்தலும், விழா எடுத்தலும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வேற்று மொழி பேசுவோர் கலந்து உறைந்தமையைப் பட்டினப்பாலை கூறும். அந்நகரில் இருபத்தெட்டு நாள் நிகழ்ந்த இந்திர விழாவை மணிமேகலை கூறும். புதுவைக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் உரோமானிய மட்கலங்களும், மணி செய்யும் தொழில் நடந்தமைக்குரிய சான்றுகளும் வெளிப்பட்டன. எனவே, கடற்கரைத் தொழிற்களம் என்பது தொன்றுதொட்டே பலர் கூடும் களமாக இருந்தது. ஆயினும், ஒரு தலைவன் கீழ்க் கூலிபெற்று உழைப்போர் தம் விழாவை நிகழ்த்த அத்தலைவனோடு வழக்கிட்ட செய்தி ஆவணங்களோடு நமக்குக் கிடைப்பது பிரெஞ்சுக் கும்பினியார் காலத்திலிருந்தே ஆகும். ஆதலின் அக்காலத்திலிருந்து தொடங்குவோம்.

கும்பினியார் காலத்து வெளியேற்றம்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி புதுவையிற் கால்கொண்டது துணி வாணிகத்தின் பொருட்டேயாம். நெசவாளர், சாயத் தொழிலாளர், சுமையாளர், தரகர் ஆகியோர் இன்றேல் கப்பலில் ஏற்றுதற்குச் சரக்கு இல்லை. இவர்களுட் பெரும்பாலோர் சைவரும் வைணவரும் ஆவர். கும்பினியாரோ கத்தோலிக்க அரசின் ஆணை பெற்று வந்தவர். நகரிற் செல்வாக்குப் பெற்றிருந்த இயேசு சபைத் துறவியர், கோயில் விழாக்களையும் இசை முழக்கோடு கூடிய ஊர்வலங்களையும் அடக்குமாறு ஆளுநரை இடைவிடாது வற்புறுத்தினர். ஆளுநர்க்கு ஒருபுறம் சமய நெருக்கடி. மறுபுறம் வாணிகத் தேவை. இவ்விரண்டற்கும் இடைப்பட்டே அவர்தம் ஆட்சி நடந்தது.

பிரான்சுவா மார்த்தேன் ஆளுநராயிருந்த 1701-ஆம் ஆண்டில், வழிபாட்டுக்குத் தடை எழுந்தபோது நகரமக்கள் ஊரைவிட்டு நீங்க முனைந்தனர். மார்த்தேன் இணங்கிப் போதல் வேண்டியதாயிற்று. 1715-ஆம் ஆண்டில், துலிவியே ஆளுநராயிருந்தபோது, விழாக்களுக்குப் புதிய கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. நெசவாளரும் கூலியாட்களும் பிறரும் தம் தொழிலை நிறுத்திப் புதுவையை விட்டு வெளியேறினர். நெசவாளர் நீங்கிய நகரில் துணி இல்லை. துணி இன்றிக் கும்பினிக்கு வாழ்வில்லை. கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது, மக்கள் மீண்டனர்.

இந்நிகழ்ச்சியின் பொருளை ஓர்ந்து நோக்குதல் வேண்டும். வெளியேறியோர் ஆயுதம் ஏந்தியவரல்லர்; மன்றத்தில் வழக்குரைத்தவரும் அல்லர். தம் உழைப்பை விலக்கிக்கொள்ளுதல் என்னும் ஒரே கருவி அவர்களிடம் இருந்தது. அதனைக் கூலி உயர்வுக்காக அவர்கள் பயன்படுத்தவில்லை, திருநாளுக்காகப் பயன்படுத்தினர். பிற்காலத்தார் வேலைநிறுத்தம் என வழங்கும் முறைக்கு இஃது ஒருவகை முன்னோடி எனலாம். ஊர்விட்டு ஊர்போதல் என்பது கொடுங்கோன்மைக்கு எதிராகக் குடிகள் மேற்கொண்ட பழைய முறை. அம்முறை இங்குத் தொழிற்களத்துக்கு மாற்றப்பட்டது.

இதன் விளைவைத் தம் தலையிற் சுமந்தவர் நயினியப்ப பிள்ளை ஆவார். 1708-ஆம் ஆண்டு முதல் கும்பினியின் தலைமைத் தரகராக விளங்கிய அவர் சைவ சமயத்தினர். அப்பதவியைக் கிறித்தவர் ஒருவரே வகித்தல் வேண்டும் என்பது இயேசு சபையாரின் நெடுநாளைய கோரிக்கை. 1716-இல் ஆளுநர் எபேர் ஆணைப்படி அவர் சிறைப்படுத்தப்பட்டார். கொடுமை செய்தல், கலகம் விளைத்தல் என்பன அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். 1715-ஆம் ஆண்டு வெளியேற்றத்தைத் தூண்டியவர் அவரே என்பது கலகக் குற்றத்தின் உள்ளீடு. தமிழராகிய அவரை விசாரணையில் போர்த்துகீசிய மொழியில் வினவினர். ஆவணங்களைப் பிரெஞ்சு மொழியில் எழுதினர். கடைவீதியில் ஐம்பது கசையடி பெற்று, சிறையிலேயே 1717-இல் அவர் உயிர் நீத்தார். அவர் மறைந்த பின்னர், 1720-இல், பிரான்சு நாட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டு அவர் குற்றமற்றவர் என உறுதி செய்யப்பட்டது. அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று, கிறித்தவ சமயம் தழுவி, செவாலியர் பட்டம் பெற்று மீண்டு, அப்பதவியை அடைந்தார், 1724-இல் மறைந்தார்.

தந்தை தம் சமயத்தோடு பதவியை இழந்தார். மைந்தர் சமயம் மாறிப் பதவியைப் பெற்றார். பணியும் பண்பாடும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் இயலாது எனத் தலைமை கருதியதன் பயன் இது. அதே காலத்தில், எளிய நெசவாளர் கூட்டம் அக்கருத்தைச் சில நாட்களிலேயே மாற்றிவிட்டது. தனியொருவர் தாங்கவியலாத சுமையைக் கூட்டம் தாங்கிற்று என்பது ஈண்டு அறியத்தகும்.

இரு நாட்காட்டிகள்

நயினியப்ப பிள்ளையின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) துய்ப்ளேக்சு காலத்தில் தலைமைத் துபாசியாக விளங்கினார். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு தமிழ் உரைநடை வரலாற்றில் தனியிடம் பெற்றது. அந்நூலின் அமைப்பிலேயே நம் பொருளுக்குரிய ஒரு சான்று உள்ளது. தமிழ் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றையும் ஐரோப்பியர் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றையும் அவர் இணைத்தே குறித்தார். இஃது எழுத்து வழக்கம் மட்டும் அன்று. அவர்தம் பணிவாழ்வின் உண்மை நிலை. பிரெஞ்சு அரசர்க்குரிய புனித லூயி திருநாளில் பீரங்கி முழங்கும்போது அவர் ஆளுநர் மாளிகையில் இருத்தல் வேண்டும். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் ஆளுநரைக் கண்டு வாழ்த்துதல் வேண்டும். தம் இல்லத்துத் திருநாளையும் விட்டுவிடலாகாது.

இவ்விணக்கத்தை மிகைப்படுத்திக் கூறுதலும் பிழையாம். 1748-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநர்க்கு மிக அணுக்கராயிருந்த துபாசியாலும் அதனைத் தடுக்க இயலவில்லை. தம் துயரை நாட்குறிப்பில் எழுதவே இயன்றது. தனியொருவர்க்குத் தலைவரிடத்துள்ள செல்வாக்கு ஒரு சமூகத்தின் உரிமைக்கு ஈடாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. 1715-இல் மக்கள் நீங்குதற்கு வழி திறந்திருந்தது. 1748-இல் போர் சூழ்ந்திருந்தமையால் அவ்வழி அடைபட்டிருந்தது.

பிற்காலத்துப் பிரெஞ்சு ஆட்சி வேறு போக்கினை மேற்கொண்டது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தேரிழுத்தல் வழக்கமாயிற்று. ஆட்சி மாறிய பின்னும் அவ்வழக்கம் மறையவில்லை. துணைநிலை ஆளுநர் வடம் பிடித்தல் இன்றும் தொடர்கின்றது. விழாவைத் தடுத்த பதவியே விழாவிற்கு வடம் பிடிக்கும் பதவியாயிற்று. ஆட்சியாளர் உள்ளம் கனிந்தமை மட்டும் இதற்குக் காரணம் என்று கொள்ளல் ஆகாது. மக்களின் விழாவோடு முரணி இந்நகரை ஆளுதல் அரிது என்பதை முன்னைய நிகழ்ச்சிகள் உணர்த்தியிருந்தன.

காலணி வழக்கு

பண்பாட்டு மரபு என்பது திருநாளோடு முடிவதன்று. உடையும் அதனுள் அடங்கும். இவ்வகையில் 1873-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இந்திய உடையோடு ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். இந்தியர் தம் மரபுடையில் வரின் வெறுங்காலோடு வருதல் வேண்டும். காலணி அணியின் முழுதும் ஐரோப்பிய உடையே அணிதல் வேண்டும் என்பது அங்கு நிலவிய கட்டுப்பாடு. நீதிபதி அவரைத் தடுத்துத் தண்டித்தார். பொன்னுத்தம்பியார் அடங்கவில்லை. பாரிசில் உள்ள மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். பின்னர், 1881-இல் தனிநபர்ச் சட்டத்தைத் துறத்தற்குரிய ஆணை பிறந்தபோது அதனை முன்னின்று ஏற்று, லபோர்த் என்னும் பெயர் பூண்டார்.

இவ்வழக்கின் உட்பொருள் யாது? இந்திய உடையை நீதிமன்றம் விலக்கவில்லை. வெறுங்கால் என்னும் தாழ்வோடு சேர்த்தே அதனை ஏற்றது. மரபுக்கு இடம் தருவதுபோலத் தந்து, அம்மரபினரைத் தாழ்ந்த படியில் நிறுத்துதல் அக்கட்டுப்பாட்டின் பயனாயிற்று. இக்காலத்து அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருநாள் வேட்டியும் சேலையும் அணிந்து கூடுகின்றனர். அந்நாள் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எஞ்சிய நாட்களில் அவ்வுடையோடு வருவோர்க்கு அதே மதிப்பு உளதா என்று வினவுதற்குப் பொன்னுத்தம்பியார் வழக்கு நமக்குக் கற்பிக்கின்றது.

ஆலைத் தொழிலாளரும் சூலைத் திங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புதுவைத் தொழிற்களம் தறிவீட்டிலிருந்து ஆலைக்குப் பெயர்ந்தது. 1829-இல் சவானா ஆலையும், 1892-இல் கெப்ளே ஆலையும், 1898-இல் ரோடியர் ஆலையும் தோன்றின. கைத்தறி நெசவாளன் தன் நாளைத் தானே வகுத்துக்கொண்டவன். தன் ஊர்த் திருவிழாவில் தறியை நிறுத்திவைக்க அவன் எவரையும் வேண்ட வேண்டியதில்லை. ஆலைத் தொழிலாளிக்கோ சங்கொலியே பொழுது. வேலை நிறுத்திய நாளுக்குக் கூலி இல்லை. எனவே திருநாள் என்பது கூலி இழக்கும் நாளாக மாறிற்று. விழாவைத் தடைசெய்ய ஆணை வேண்டாதாயிற்று. கூலிக் கணக்கே அதனைச் செய்தது. தொழில் வரலாற்றில் இம்மாற்றம் போதிய கவனம் பெறவில்லை.

ஆலைகளில் ஆயுத பூசை நாளில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரியும் சுண்டலும் பகிர்தல் தமிழகமெங்கும் பரவிய வழக்கம். கருவியைப் போற்றும் விழாவாதலின், வேறு சமயத்தாரும் அப்பொரியைப் பெற்று மகிழ்தல் இயல்பாயிற்று. எனினும், கருவிக்கு ஓய்வு தரும் விழா ஆண்டுக்கு ஒருநாளே. கருவியை இயக்குவோனுக்கு நாள்தோறும் உரிய ஓய்வு எங்கே என்னும் வினா எழுந்தது.

1936-ஆம் ஆண்டில் அவ்வினா போராட்டமாயிற்று. பிரான்சு நாட்டில் அவ்வாண்டு சூன் திங்களில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு நாற்பது மணி வாரத்தையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் சட்டமாக்கியது. அவ்வரசின் கீழிருந்த புதுவையில் அவ்வுரிமைகள் இல்லை. வ. சுப்பையா முதலியோர் வழிகாட்டலில் ஆலைத் தொழிலாளர் எட்டுமணி வேலையும் சங்க உரிமையும் வேண்டி நின்றனர். சூலை 30-ஆம் நாள் பிரெஞ்சுப் படையினர் துப்பாக்கியால் சுட்டதில் 12 தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 1937-இல், பிரெஞ்சு இந்தியாவிற்கெனத் தொழிற்சட்டம் பிறந்தது. எட்டுமணி வேலை நிலைபெற்றது. ஆசியாவிலேயே முதன்முதல் பெற்ற உரிமை எனப் புதுவைத் தொழிலாளர் இதனைப் போற்றுவர்.

சூலை 30 அன்றுதொட்டுத் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகின்றது. இந்நாள் எச்சமயத்துக்கும் உரியதன்று, எச்சாதிக்கும் உரியதன்று. தொழிற்களமே ஈன்றெடுத்த நினைவுநாள் இது. அதே திங்களின் 14-ஆம் நாள் பிரான்சின் தேசிய விழா. 1880 முதல் அந்நாட்டில் அது சட்டவழி விழாவாக உள்ளது. பிரெஞ்சுக் குடியுரிமை உடையோரும் முன்னாள் படைவீரரும் புதுவையில் இன்றும் அதனைக் கொண்டாடுகின்றனர். விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்பவற்றை விளம்பும் விழாவும், அவற்றை வேண்டி மாண்டவர்தம் நினைவுநாளும் பதினாறு நாள் இடைவெளியில் ஒரே நகரில் நிகழ்தல் வரலாறு அமைத்த பொருத்தம். சவானா, கெப்ளே ஆலைகள் பிற்காலத்துச் சுதேசி, பாரதி ஆலைகளாயின. இவையும் ரோடியர் ஆலையும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. சங்கொலி நின்றது, நினைவுநாள் நிற்கவில்லை.

சட்டத்தில் திருநாள்

கூலியிழவாத் திருநாள் என்னும் கருத்து சட்டத்தில் இடம்பெற்ற வரலாறு ஈண்டுச் சுருக்கமாகக் கூறத்தகும். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் வகுத்த வார ஓய்வு உடன்படிக்கை, ஓய்வுநாளை இயன்றவரை அந்தந்த நாட்டு அல்லது வட்டாரத்து மரபுவழி நாளோடு பொருந்த அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. இந்தியா 1923-இல் இதனை ஏற்றது. ஓய்வு என்பது உடலின் தேவை மட்டும் அன்று. ஒரு சமூகம் கூடியிருத்தற்குரிய பொழுதும் ஆகும் என்னும் உண்மை இவ்விதியில் அடங்கியுள்ளது.

அன்றைய சென்னை மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டில் தொழில் நிறுவனங்கள் தேசிய, திருநாள் விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய நாட்களோடு ஐந்து திருநாட்களுக்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்தல் வேண்டும் என்றும், அத்திருநாட்களை ஆய்வாளர் தலைவரோடும் தொழிலாளரோடும் கலந்து குறித்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. விடுமுறை நாளில் வேலை செய்வோர்க்கு இருமடங்கு ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ உண்டு. புதுவை 1954 நவம்பர் முதல் நாள் நடைமுறையிலும், 1962 ஆகத்து 16-ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. 1964-ஆம் ஆண்டில் இதனையொத்த சட்டம் புதுவையிலும் இயற்றப்பட்டது.

எத்திருநாள் என்பதைத் தொழிலாளரோடு கலந்தே குறித்தல் வேண்டும் என்னும் பகுதியே இச்சட்டத்தின் உயிர்நிலை. 1715-இல் ஊரை விட்டு நீங்கிப் பெற்றதனை 1958-இலும் 1964-இலும் மேசை முன் அமர்ந்து பெற வழி பிறந்தது. புதுவை இணைந்த வரலாறும் விடுமுறைப் பட்டியலில் ஏறியுள்ளது. நவம்பர் முதல் நாளும் ஆகத்து 16-ஆம் நாளும் புதுவைக்கே உரிய விடுமுறைகள். கோரிமேட்டு எல்லையைக் கடந்தால் அவை வேலை நாட்களே.

கோரிமேட்டு மருத்துவமனை

பிரெஞ்சியர் 1823-ஆம் ஆண்டு புதுவையில் மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1959-இல் பிரெஞ்சு அமைச்சர் எட்மண்ட் மிசேலே கோரிமேட்டில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1964 சூலை 13-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் அதனைச் சவகர்லால் பெயரால் திறந்துவைத்தார். 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசியச் சிறப்புடைய நிறுவனம் ஆயிற்று. பிரெஞ்சுப் பள்ளி, வடமொழிப் பெயருடைய கல்லூரி, இந்திய ஒன்றியத்தின் நிறுவனம் என்னும் மூன்று நிலைகளை ஒரே அமைப்பு கடந்துள்ளது. இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவரும் மருத்துவரும் செவிலியரும் ஈண்டு வருகின்றனர்.

நடுவண் அரசு நிறுவனங்களுக்குரிய விடுமுறைப் பட்டியலில் 14 நாட்கள் நாடெங்கும் கட்டாயமானவை. புத்தர், மகாவீரர், குருநானக்கு, நபிகள் நாயகம் ஆகியோர் பிறந்தநாட்களும், பெரிய வெள்ளியும், மொகரமும், இரு ஈகைத் திருநாட்களும் அவற்றுள் அடங்கும். எஞ்சிய 3 நாட்களை 12 விழாக்கள் கொண்ட மற்றொரு பட்டியலிலிருந்து அந்தந்த வட்டாரத்து ஊழியர்நல ஒருங்கிணைப்புக் குழு தேரும். பொங்கலும் ஓணமும் ஓலியும் இப்பட்டியலில் உள்ளன. இவையன்றி, ஒவ்வோர் ஊழியரும் ஆண்டுக்கு இரு நாட்களைத் தம் விருப்பப்படி வரையறுத்த விடுமுறையாகக் கொள்ளலாம். பொங்கல் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பது 2017 சனவரியில் தமிழகத்திற் பெருங் கண்டனத்தை எழுப்பிற்று. அதன்பின் தமிழகத்து நடுவண் அலுவலகங்களுக்கு அது விடுமுறையாகத் தேரப்பட்டது. விழா நாளுக்காகக் குரலெழுப்பும் பழைய மரபு இன்றும் உயிரோடுள்ளது.

இரு விருப்ப நாட்கள் என்னும் இச்சிறு விதி பெரும் பயன் உடையது. பெரும்பான்மையோர் விழாவைப் பட்டியல் காக்கும். எண்ணிக்கையிற் சிறியராய் ஓரிடத்திற் பணிபுரிவோர் விழாவை இவ்விதியே காக்கும். கோரிமேட்டிற் பணிபுரியும் மலையாளச் செவிலியர் ஒருவர் ஓணத்தையோ, வங்க மருத்துவர் ஒருவர் துர்க்கை வழிபாட்டையோ போற்றுதற்கு இதுவே வழி.

ஆயினும், மருத்துவமனைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஆலை ஒருநாள் நிற்கலாம். மருத்துவமனை நிற்றல் ஆகாது. தீபாவளி நாளில் தீப்புண்ணோடு வருவோரை ஏற்க ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். ஆயுத பூசையில் நோயாளர் ஊர்திக்கு மாலையிட்ட கையே அடுத்த நாழிகையில் அதனை ஓட்டிச் செல்லும். எனவே, மருத்துவமனையில் திருநாள் என்பது எவர் வீடு செல்வது, எவர் தங்குவது என்னும் வினாவாக மாறுகின்றது. கூடத்திற் கோலமிடுதலும் குத்துவிளக்கு ஏற்றுதலும் எளியன. இவ்வினாவை நேர்மையாகத் தீர்த்தலே அரிது. விடுமுறைச் சீட்டு முதலில் மேற்பதவியினர்க்கும், இறுதியில் துப்புரவுப் பணியாளர்க்கும் செல்லுமாயின், விழா அவ்விடத்திற் பொதுவாயிற்று எனக் கூறல் இயலாது. ஒருவர் திருநாளில் வேறு சமயத்தார் அவர்க்காகப் பணியேற்று, தம் திருநாளில் அவரிடமிருந்து அக்கைம்மாற்றைப் பெறுதல் பல மருத்துவமனைகளில் எழுதாச் சட்டமாக உள்ளது. கிறித்து பிறப்பு இரவில் இசுலாமியச் செவிலியும், ஈகைத் திருநாளில் கிறித்தவச் செவிலியும் பணிபுரிதல் பன்மையின் மெய்யான கொண்டாட்டம் எனலாம். அதற்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

முடிவுரை

கனடா நாட்டு மக்களவை 2016-இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானித்தது. அங்கே சிறுபான்மையராய் வாழும் தமிழர்க்கு அது பெருமை தந்தது. அப்பெருமையில் மகிழும் நாம், நம் பணிக்களங்களிற் சிறுபான்மையராய் உள்ளோர்க்கு என் செய்தோம் என வினவுதல் முறையாகும். அவ்வினாவிற்குப் புதுவை வரலாறு மூன்று அளவுகோல்களைத் தருகின்றது.

முதலாவது, திருநாள் கூலியை இழப்பிக்கும் நாளாக இருத்தல் கூடாது. ஆலைத் தொழிலாளர் வரலாறு இதனைக் காட்டும். இரண்டாவது, எத்திருநாள் என்பதைக் கொண்டாடுவோரையும் கலந்தே குறித்தல் வேண்டும். நெசவாளரின் வெளியேற்றமும் பிற்காலச் சட்டங்களும் இதனைக் காட்டும். மூன்றாவது, மரபுக்குத் தரும் இடம் தாழ்ந்த இடமாக இருத்தல் கூடாது. நயினியப்பரின் சிறையும் பொன்னுத்தம்பியாரின் காலணியும் இதனைக் காட்டும்.

இம்மூன்றும் நிறைந்த இடத்திற் கோலமும் குடிலும் மலர்க்களமும் பொருளுடையன ஆகும். இவை குறைந்த இடத்தில் அவை அணியாகவே நிற்கும். பாரசீகக் கல்லறைச் சொல்லும் தமிழ் மேடும் இணைந்த பெயரோடு, மூன்று நாட்காட்டிகள் சந்திக்கும் கோரிமேட்டில், நள்ளிரவிற் பணிமாறும் செவிலியர் இருவர் தத்தம் திருநாட்களை ஒருவர்க்கொருவர் ஈந்து செல்கின்றனர். முந்நூறு ஆண்டுகட்கு முன் தறியை நிறுத்தி ஊரைவிட்டு நடந்த நெசவாளர்தம் உரிமை வரலாறு அவ்விருவர் வரை வந்துள்ளது.